அந்த ‘நாங்கள்’ யார்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று வீட்டில் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. சென்ற வாரம் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு நட்சத்திரம், எல்.ஜி.பி.டி. (தன்பாலீர்ப்புள்ள பெண்கள், ஆண்கள், இருபாலீர்ப்பினர், திருநர்) சமூகத்துக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, “உனக்கும் அப்படித்தானா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிரபலங்கள் எங்கள் எல்லோருக்காகவும் பேசலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, “நீயும் அப்படித்தான்” என்று முடிவு கட்டாமல், “அப்படித்தானா?” என்று கேட்டாரே உங்கள் அம்மா, முதலில் அவருக்கு ஒரு வணக்கம்.

நீதிமன்றத்தில் சாட்சிக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. தான் கண்டதைச் சொல்லிவிட்டு இறங்கலாம். வக்கீலுக்குத்தான் கட்சிக்காரர் கையெழுத்திட்ட வக்காலத்து வேண்டும். பிரபலங்கள் சாட்சி சொல்ல வந்தால் கைதட்டுவேன். கூண்டில் நின்றபடியே வாதாடத் தொடங்கினால், கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பேன்.

பல நேரம் அவர்களும் அந்த வேலையைக் கேட்டு வாங்குவதில்லை. அமெரிக்க நடிகை எலன் டிஜெனரஸ் 1997இல் ‘டைம்’ இதழில் தன்னை வெளிப்படுத்தியபோதே, சமூகத்தின் பிரதிநிதியாக இருக்கத் தனக்கு ஆசையில்லை என்று சொன்னார். அது யார் காதில் விழுந்தது? மறுநாளிலிருந்து அவர்தான் பிரதிநிதி.

அதே எலனின் பேட்டி நிகழ்ச்சிக்கு 2015இல் கெய்ட்லின் ஜென்னர் வந்தார். 1976 ஒலிம்பிக்கில் டெகாத்லான் என்ற பத்து அம்சத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றவர். அந்த வருடம்தான் தான் ஒரு திருநங்கை என்று அறிவித்திருந்தார். ஒருபால் திருமணம் பற்றி எலன் கேட்டார். ஜென்னர், தான் பழைய மரபுகளில் பற்றுள்ளவர் என்றும், முதலில் அது தனக்குப் பிடிபடவில்லை, இப்போது யாருடைய மகிழ்ச்சிக்கும் குறுக்கே நிற்க விரும்பவில்லை என்றும் இழுத்தார். கேள்வி கேட்டவரோ 2008இல் ஒரு பெண்ணை மணந்தவர்! எல்.ஜி.பி.டி. என்ற நான்கெழுத்தில் இரண்டெழுத்து எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு திருமணத்தைப் பற்றிக்கூட ஒத்துப்போகவில்லை. இவர்களில் யார் உங்களுக்காகப் பேசுகிறார்? இருவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு 54 வயது. நானும் தன்பாலீர்ப்புள்ள பெண்தான். எங்கள் சிறு குழுவில் ஒருமுறை, இரண்டு பிரபலப் பெண்களின் திருமணப் படங்களைக் கைப்பேசியில் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் உடைகளைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தேன். எங்களோடு இருந்த திருநம்பி ஒருவர் கைப்பேசியை வாங்கினார். படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கினார். மணப்பெண்களை விட்டுவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். “அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரே படம்தான். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இந்தப் பேட்டிகளைத் தமிழாக்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு சிறு குறை. ஆங்கில மூலத்தில் இருப்பது ‘we’ என்ற ஒரே சொல். தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு உண்டு. யோசிக்காமல் ‘நாங்கள்’ என்று போட்டுவிடுகிறார்கள். கேட்கிற உங்கள் அம்மா அதற்கு வெளியே நிற்கிறார். உங்களையோ, ஒரு வார்த்தை கேட்காமலே உள்ளே இழுத்து விடுகிறார்கள்.

அதற்காகப் பிரபலங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். 1988இல் பிரிட்டனில், உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’த் தடை போடும் சட்டம் வரவிருந்தபோது, நடிகர் இயன் மெக்கெல்லன் பி.பி.சி. வானொலி விவாதத்தில் தானும் அப்படித்தான் என்று சொன்னார். சட்டம் வராமல் நிற்கவில்லை. ஆனால் அவர் அடுத்த வருடமே மற்றவர்களோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி, தொடர்ந்து போராடினார். 2003இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சட்டப்பிரிவு நீங்கியது.

நம் கூட்டமும் ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை. 1973இல் நியூயார்க்கில் நடந்த தன்பாலீர்ப்பினர் பேரணி மேடையில், சிறையிலிருக்கும் தோழர்களைப் பற்றிப் பேச, திருநர் உரிமைப் போராளி சில்வியா ரிவேரா ஏறியபோது, கூச்சலிட்டது வெளியாட்கள் அல்ல, பேரணிக்கு வந்தவர்களேதான்.

அம்மா மறுபடி கேட்டால், “அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரி, பாதி இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பாதி என்று அவரே கேட்பார்.

கேள்வி: தன்பாலீர்ப்பை மறைத்து வாழும் பிரபலங்களை நாமே ஊரறியச் செய்தால் சமூகத்துக்கு நல்லதுதானே?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: இல்லை, அம்மா. சாட்சியைக் கட்டி இழுத்து வந்து கூண்டில் ஏற்றக் கூடாது. இருபது வருடம் அலுவலகத்தில் என் மேசை மேல் என் துணைவியின் படம் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் ‘சித்தி மகள்’ என்று சொல்லி வைத்திருந்தேன். யாராவது முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் படத்தை எடுத்துவரக்கூட நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.