வாசகர் கேள்வி பதில்: ஒத்த ரூம் பள்ளிக்கூடம்

கேள்வி: அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல, பொண்ணு வீட்டுக்கு ஆஸ்டின் வந்திருக்கோம். பக்கத்துல ஜெர்மன்காரங்க கட்டுன பழைய கிராமத்து பள்ளிக்கூடமெல்லாம் இருக்காமே, கார் எடுத்துட்டு போற அளவுக்கு வொர்த்தா? – ஒரு வாசகி

பதில்: தாராளமா போங்கம்மா. ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் ஒண்ணரை மணி நேரம்தான், 1846ல ஜெர்மன்காரங்க வந்து உண்டாக்குன ஊரு, அதைச் சுத்தி கில்லெஸ்பி கவுன்ட்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) பூராவும் சுண்ணாம்புக்கல்லு, மரம்னு சின்னச் சின்ன பள்ளிக்கூடம் செதறிக் கெடக்கு, லக்கன்பாக், செர்ரி ஸ்பிரிங்னு ஒவ்வொண்ணா பாத்துட்டே போலாம். ஆரம்பத்துல பாடமே ஜெர்மன்லதான், முதல் உலகப்போர் சமயத்துல 1918ல இங்கிலீஷ்லதான் நடத்தணும்னு டெக்சஸ்ல சட்டமே போட்டுட்டாங்க. நம்ம மொழிச் சண்டையெல்லாம் ஞாபகம் வருதுல்ல!

ஒண்ணே ஒண்ணு பாக்கத்தான் டைம்னா ஜங்ஷன் ஸ்கூல் போங்க. பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் 1912ல நாலு வயசுல அங்க போனவரு, டீச்சர் மடியில உக்காந்தாதான் படிப்பாராம். 1965 ஏப்ரல் 11 அன்னிக்கு பெரிய கல்விச் சட்டம் ஒண்ணுல கையெழுத்துப் போட வாஷிங்டனை விட்டுட்டு இங்க வந்து, ஸ்கூல் வெளிய ஒரு மேஜையைப் போட்டு, அதே டீச்சரம்மாவை பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு.

பல கட்டடம் உள்ள பூட்டியிருக்கும், ஓப்பன் ஹவுஸ், அதாவது தொறந்து வச்சு உள்ள பாக்க விடற நாள், என்னிக்குன்னு கேட்டுட்டுப் போங்க. மார்ச் கடைசி, ஏப்ரல்னா ரோட்டோரம் நீலப்பூவா இருக்கும். ஆகஸ்ட்ல மட்டும் வேணாம், வெயிலு நம்ம வேலூரைத் தோக்கடிச்சிடும்.