அது யாருடைய ரோபோ?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு 13 வயது. அவளும் உடன் படிக்கும் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ரோபோ, உலக ரோபோ ஒலிம்பியாடின் சர்வதேச இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. தேர்வானதும் பெற்றோர்கள் சேர்ந்து, சம்பளம் பேசி ஒரு கோச்சை வைத்தோம். திறமைசாலி, அதை மறுப்பதற்கில்லை. வந்த வேகத்தில் ரோபோவின் முன்பக்கத்தைப் பிரித்து வேறு மாதிரி கட்டிவிட்டார். புரோகிராமையும் முழுக்க மாற்றி எழுதிவிட்டார். இப்போது ஓடவிட்டால் தப்பே வருவதில்லை. ஆனால் மகள் முன்பு போல அதன் பக்கமே போவதில்லை. கேட்டால் "அது சாரோட ரோபோம்மா" என்கிறாள். என் கணவரோ, "எல்லா நாட்டுக்காரர்களும் இப்படித்தான் செய்வார்கள். நாம் மட்டும் யோக்கியமாக இருந்து தோற்க வேண்டுமா?" என்கிறார். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நான் இதில் தலையிடலாமா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: விமானத்தில் ரோபோவைக் கொண்டுபோகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மீ

அன்புள்ள மீ,

தலையிடுங்கள். இந்த வாரமே.

நியாய அநியாயத்தைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கணவர் ஜெயிப்பதைப் பற்றித்தானே கேட்கிறார், அந்தக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். கோச் கட்டிய ரோபோ உங்கள் வீட்டு மேஜையில்தான் தப்பில்லாமல் ஓடும்.

போட்டி நாளில் அணிகள் வேலை செய்யும் பகுதிக்குள் கோச்சுக்கு அனுமதி கிடையாது. உள்ளே அந்த மூன்று பிள்ளைகள் மட்டும்தான். காலையில் நடுவர்கள் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு புது விதியை அறிவிப்பார்கள். புரோகிராமில் எந்த வரி எதற்கு என்று தெரிந்தவர்கள் அதற்கேற்ப மாற்றி எழுதுவார்கள். தெரியாதவர்கள் தடுப்புக்கு வெளியே நிற்கும் கோச்சின் முகத்தைப் பார்ப்பார்கள்.

புது விதியை விடுங்கள், வெளிச்சம் ஒன்றே போதும். ரோபோ ஓடும் அச்சடித்த பாயில் இருக்கும் கறுப்புக் கோட்டை வண்ண சென்சார் எப்படிப் பார்க்கிறது? பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு எண்ணாகச் சொல்கிறது. வீட்டில் வெள்ளைக்கு 70, கறுப்புக்கு 10 என்று வந்தால், நடுவில் 40 என்று வைத்துக்கொண்டு கோட்டின் விளிம்பைப் பிடித்தபடி ரோபோ போகும். பெரிய அரங்கின் உயரமான விளக்குகளுக்குக் கீழே, வேறு அச்சகத்தில் அடித்த பாயின் மேல், இதே எண்கள் மாறிவிடும். அந்த 40 புரோகிராமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. தெரியாவிட்டால் ரோபோ கோட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

பேட்டரியும் அப்படித்தான். மோட்டாரை இத்தனை விநாடி ஓட்டினால் 90 டிகிரி திரும்பும் என்று எழுதியிருந்தால், சார்ஜ் குறையக் குறையத் திருப்பமும் குறையும். சக்கரம் எத்தனை டிகிரி சுற்றியது என்று எண்ணித் திருப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சில கைரோ சென்சார்களை ஆன் செய்யும்போது ரோபோவைக் கை தெரியாமல் அசைத்துவிட்டால் போதும், நின்ற இடத்திலேயே தான் திரும்பிக்கொண்டிருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். இதெல்லாம் தானே ஒரு முறை சொதப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். உங்கள் கோச்சுக்குப் பிடிபடும். அவர் பார்வையாளர் வரிசையில் இருப்பார்.

இனி நியாயம். கட்டுவதும் புரோகிராம் எழுதுவதும் அணியின் வேலை, கோச் ஆலோசனை சொல்லலாம் என்பது இந்தப் போட்டியின் விதி. மீறியது தெரிந்தால் தகுதி நீக்கம் வரை போகலாம். எல்லாப் போட்டிகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 முதல் நடத்திவரும் பெரிய ரோபோ போட்டியில், பொறியாளர்கள் மாணவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்வது வெளிப்படையாகவே நடக்கிறது. அங்கே அது ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு. உங்கள் வீட்டில் நடப்பது அதுவல்ல.

எல்லா நாட்டுக்காரர்களும் இப்படித்தான் என்பதும் முழு உண்மை இல்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் 2004-இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் நடந்த நீருக்கடி ரோபோ போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸ் நகரத்து கார்ல் ஹேடன் என்ற பள்ளியின் நான்கு மாணவர்கள், கல்லூரிகள் மோதும் பிரிவில் இறங்கினார்கள். எதிரே அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. இவர்களிடம் இருந்தது பிவிசி குழாயில் கட்டிய ஒரு ரோபோ. சோதனை ஓட்டத்தில் மின் இணைப்புகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. ராத்திரி விழித்திருந்து ஒயர்களை மறுபடி பற்றவைத்தார்கள். கசிகிற நீரை உறிஞ்சிக்கொள்ள, மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பன்களைக் கடையில் வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்தார்கள். அந்த யோசனை ஒரு மாணவனுடையது. தண்ணீருக்குள் செய்யும் வேலைகளில் அவர்களுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. ஆனால் நடுவர்கள் துருவித் துருவிக் கேட்ட கேள்விகளுக்கு நான்கு பேரும் பதில் சொன்னார்கள். மொத்த மதிப்பெண்ணில் எம்.ஐ.டி.யை முந்தினார்கள். அவர்களுக்கும் இரண்டு ஆசிரியர்கள் துணை இருந்தார்கள், அதனால் கோச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை.

உங்கள் கோச்சையும் அனுப்பிவிடாதீர்கள். கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். "இந்தப் பல்சக்கரம் ஏன் இங்கே?", "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பதில் வராத பகுதியைப் பிள்ளைகள் பிரித்து மறுபடி கட்டட்டும். அவர் எழுதிய புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டு, தங்கள் பழைய புரோகிராமிலிருந்து தொடங்கட்டும். முதல் இரண்டு வாரம் ரோபோ படு மோசமாக ஓடும். உங்கள் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அப்போது நீங்கள் பின்வாங்கக் கூடாது.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன், அதற்கு ரோபோட்டிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு துண்டுச்சீட்டில் புது விதி ஒன்றை எழுதிக் கொடுங்கள். 'சிவப்புக் கட்டையைத் தொடக்கூடாது, நீலத்தை இரண்டு முறை நகர்த்த வேண்டும்' என்பது மாதிரி எதுவானாலும் சரி. ஒரு மணி நேரம் கொடுங்கள். கோச் வேறு அறையில் டீ குடிக்கட்டும். இன்னொரு நாள் ஜன்னல் திரையை மூடிவிட்டு ஓடவிடச் சொல்லுங்கள், மற்றொரு நாள் பாதி சார்ஜில். உங்கள் மகள் உங்களிடம் எரிந்து விழுந்தால் நல்லது, ரோபோ பக்கம் திரும்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

கோச்சிடம் இதைப் பேசும்போது மற்ற இரண்டு வீட்டுப் பெற்றோரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டுக்கும் பொதுவான ஆள், நீங்கள் மட்டும் போய்ச் சொன்னால் மனஸ்தாபம் வரும்.

விமானம் பற்றி: உபரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போடுங்கள். கூரான கருவிகள் அதற்கு நேர்மாறு, அவை செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். ரோபோவை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து வைத்தால் வழியில் நசுங்காது. பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், எந்த ஒயர் எந்த போர்ட்டுக்குப் போகிறது என்பது தெரிகிற மாதிரி.