45 நாள் நாய்க்குட்டி ஓயாமல் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது. தூக்கமா, பசியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை, மிரட்சி. குட்டி வந்து மூன்று நாள்தான் ஆகிறது, வருகிறவர்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், "ரொம்பச் சாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் 'சாது'வில் நானும் ஏமாந்தவன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருநாய் தன் ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து எங்கள் மாடிப்படிக்கு அடியில் சேர்த்தது. கண்கள் அப்போதுதான் கீறலாகத் திறந்திருந்தன. பன்னிரண்டு நாள் இருக்கலாம். நான்கு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, ஐந்தாவது மட்டும் தலையை இருபுறமும் ஆட்டியபடி ஊர்ந்து ஊர்ந்து கத்தியது. பிறகு சத்தம் நின்றது. தூங்கிவிட்டது என்று நான் நிம்மதியானேன். அத்தை தொட்டுப் பார்த்து, "சில்லிட்டுக் கிடக்கிறதடா!" என்றார்.

அந்த வயதுக் குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. நலமாகத் தூங்கும் குட்டிக்குத் தூக்கத்திலேயே காலும் முகமும் துடித்துக்கொண்டிருக்கும்; அசைவே இல்லாமல் கிடந்தால்தான் பயப்பட வேண்டும். நான் பால் காய்ச்ச ஓடினேன், அத்தை தடுத்துவிட்டார். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது, புரையேறவும் செய்யும். பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சூடு ஏற வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் தாயிடம் விட்டோம்.

அதே குட்டி ஆறு வாரமானபோது புத்தாண்டு வந்தது. அந்த இரவில் புதுச்சேரி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீடு நிறைய உறவினர்கள், வெளியே வெடி. கை மாறிக் கை மாறிப் போன குட்டி முனகக்கூட இல்லை. "என்ன சமர்த்து!" என்றார்கள், எனக்குப் பெருமை. இப்போது அந்தக் காட்சியை நினைத்தால் எல்லாம் தெரிகிறது. காது பின்னால் படிந்திருந்தது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டியதில் வெள்ளை விழி பிறையாகத் தெரிந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. வேறு நேரத்தில் பாய்ந்து தின்னும் முட்டையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சித்தப்பாவின் புது வேட்டியில் சிறுநீர் போனது, அதற்குத் திட்டும் வாங்கியது. உறைந்து நிற்பதும் ஒரு கதறல்தான், சத்தம் மட்டும் இல்லை.

கொட்டாவி தூக்கத்திலும் வரும், நக்குவது சாப்பிட்ட பிறகும் உண்டு. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆள் குனிந்து கை நீட்டும்போது வந்து, விலகியதும் நின்றால் சந்தேகமே வேண்டாம், மிரட்சிதான். யாருமே இல்லாதபோதும் உதட்டை நக்கி எச்சில் வடித்தால் குமட்டலாக இருக்கலாம். வாந்தி, பேதி, சோர்வு சேர்ந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்; பார்வோ என்ற வைரஸ் நோய் இந்த வயதில் காத்திருக்காது.

எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டியை நம் ஊரில் முப்பது, நாற்பது நாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்குக் கொடுத்த வீடு பக்கத்தில் என்றால், தாய் படுத்த சாக்குத் துணியைக் கேட்டு வாங்கி வந்து குட்டியின் படுக்கையில் போடுங்கள். விருந்தினரைத் தரையில் பக்கவாட்டாக உட்காரச் சொல்லுங்கள். குட்டி தானாக வந்தால் கழுத்துக்குக் கீழே லேசாகத் தடவலாம். வராவிட்டால் காபி குடித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஐந்தாவது குட்டி இப்போது பெரிய நாய். அந்தச் சித்தப்பா வந்தால் மட்டும் இன்னமும் எழுந்துபோய் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. நாங்கள் கூப்பிடுவதில்லை.