சமுதாயப் பள்ளி: சங்கம் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: கலிபோர்னியாவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், சங்கக் கிளையிலும் பொறுப்பு உண்டு. எங்கள் பள்ளியைச் சமுதாயப் பள்ளியாக, அதாவது பாடத்தோடு மருத்துவம், மாலை வகுப்பு போன்ற உதவிகளையும் ஒரே இடத்தில் தந்து, பெற்றோரையும் முடிவெடுப்பதில் சேர்த்துக்கொள்கிற பள்ளியாக மாற்றலாம் என்று பேச்சு அடிபடுகிறது. சம்பளம் பேசுகிற சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

பதில்: அந்தச் சம்பளம் பேசுகிற மேசையில்தான் வேலையே இருக்கிறது. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், 30 சமுதாயப் பள்ளிகளும் அவற்றுக்கு 1.2 கோடி டாலரும் இடம்பெற்றன.

ஆனால் ஒரு சிக்கல். உங்கள் மாநிலச் சட்டம் பேச்சுவார்த்தையை ஊதியம், வேலை நேரம், பணி நிபந்தனைகள் என்ற வட்டத்துக்குள் வைத்திருக்கிறது. பள்ளிக்குள் மருத்துவ அறை வேண்டும் என்று கேட்டால், 'இது உங்கள் வரம்பில் வராது' என்று நிர்வாகம் நழுவப் பார்க்கும். அங்கே பெற்றோர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆகவே கோரிக்கைப் பட்டியலை எழுதும் முன் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அச்சடித்த கேள்வித்தாளைப் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பினால் பாதி திரும்பி வராது, வருவதும் ஒப்புக்கு இருக்கும். இருவராகப் போங்கள், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரோடு. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரச் சங்கம் இப்படிப் போகும் நேரத்துக்கு ஊதியத்தையே ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. அதை நீங்களும் கேட்கலாம். அது உங்கள் வரம்புக்குள்தான் வரும்.

அப்புறம், முழுநேர ஒருங்கிணைப்பாளர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மருத்துவக் குழு, மாலை வகுப்பு, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கோத்துக் கட்ட வேண்டும். பணியிடம் இல்லையென்றால் அந்தச் சுமை பள்ளியிலேயே ஆர்வம் அதிகமுள்ள ஆசிரியர் தலையில் விழும். இரண்டு வருடத்தில் அவர் சோர்ந்துபோவார். கூடவே, ஆசிரியர், பெற்றோர், முதல்வர் சேர்ந்த குழுவுக்கு எதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்டு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'ஆலோசனைக் குழு' என்று மட்டும் எழுதினால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

பேச்சுவார்த்தை உரிமையே இல்லாத இடத்திலும் இது நடந்திருக்கிறது. டெக்சாஸில் ஆசிரியர்களுக்கு அந்த உரிமை கிடையாது. அங்கே ஆஸ்டின் நகரில், 2007-இல் மூடப்படவிருந்த வெப் நடுநிலைப் பள்ளியைச் சங்கமும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து திட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள்.

பணம்? 2021 முதல் கலிபோர்னியா அரசு இதற்கென 400 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பள்ளிகளுக்கான செயலாக்க நிதி ஐந்து வருடத்துக்குத்தான். ஆறாவது வருடம் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியை முதல் கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.