பத்து நிமிடமும் ஒரு கம்பளியும்

கேள்வி: "தினமும் ராத்திரி 10 மணிக்குத்தான் வருகிறீர்கள்" என்றால், "நேற்று 9.50-க்கே வந்துவிட்டேனே" என்கிறார் என் கணவர். "கொஞ்சம் சீக்கிரம் வரக்கூடாதா?" என்று கேட்டால், "அப்போ வேலையை விட்டுவிடச் சொல்கிறாயா?" என்கிறார். எதற்கெடுத்தாலும் விதண்டாவாதம். இவரிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்: சகோதரி, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலாவது வெறும் நொட்டை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஒப்புக்கொண்டாலும் உங்கள் வருத்தம் இம்மியும் குறையாது. (10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடும் குடியிருப்பு என்றால் அதே பத்து நிமிடம் பெரிய விஷயம்தான்.) ஆட்சேபம் சின்னதா பெரியதா என்று பார்க்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் பேச்சு ஆட்டம் காணுமா என்று பாருங்கள். இன்னொன்று, அவர் பிடித்துக்கொள்ள 'தினமும்' என்ற பிடியைக் கொடுத்தது நீங்கள்தான். "இந்த வாரம் நாலு நாள்" என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கடிகாரம் பார்க்க வேலையே இருந்திருக்காது.

இரண்டாவதுதான் வில்லங்கம். நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் வாயில் போட்டு, அதற்குப் பதில் கேட்கிறார். வாதம் செய்யும் முறைகளை அலசும் நம் பழைய தர்க்க நூலான நியாய சாத்திரம் இதைச் 'சலம்' என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அங்கே ஒரு பழைய உதாரணம் உண்டு. ஒருவனைக் காட்டி "நவகம்பளக்காரன்" என்கிறார் ஒருவர். புதுக் கம்பளி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். 'நவ' என்றால் ஒன்பது என்றும் பொருள் உண்டல்லவா? எதிராளி உடனே, "ஒன்பது கம்பளி எங்கே? ஒன்றுதானே இருக்கிறது!" என்று மடக்குகிறான். கேட்கச் சில்லறைத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கு உண்மையான அர்த்தம் தெரியும், தெரிந்தே திருப்புகிறான். அதனால்தான் அது வெறும் நொட்டை ஆகாது, ஏமாற்று. (விதண்டை என்பதோ தன் கட்சி என்று எதையும் நிறுவாமல் அடுத்தவர் கட்சியை உடைத்துக்கொண்டே போவது. உங்கள் வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகவில்லை.)

சரி, என்ன செய்வது? நொட்டைக்கு, "ஆமாம், 9.50தான்" என்று சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். பத்து நிமிடத்துக்குச் சண்டை போட்டால் ராத்திரி முழுக்க அதிலேயே போய்விடும். சலத்துக்கு அந்த விட்டுக்கொடுத்தல் வேண்டாம். வேலையின் அருமை பெருமை பற்றி வாதாடவும் இறங்காதீர்கள். இறங்கினால் அவர் போட்ட கேள்விக்குள் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். "வேலையை விடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் 9 மணிக்கு வர முடியுமா என்றுதான் கேட்கிறேன்" என்று உங்கள் கேள்வியையே திரும்ப வையுங்கள்.

"9 என்றால் 9.05 ஆகலாமா?" என்று கேட்பார். ஆகலாம் என்று சொல்லிவிடுங்கள்.