பழைய ஸ்பீக்கருக்குப் புது ஃபோம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வூஃபர்களின் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையத்தைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி பல வருடமாகச் சும்மா கிடந்தது. எடுத்துப் பாடவிட்டால் பேஸ் வரும் இடங்களில் கரகரவென்று சத்தம். முன்துணியைக் கழற்றிப் பார்த்தேன். முன்னால் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டதுமே பிசுபிசுப்பான கருப்புத் தூளாக உதிர்கிறது. ஸ்பீக்கர் அவ்வளவுதானா?

பதில்: தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனது அந்த ஃபோம் மட்டும்தான். காந்தம், அதற்குள் அசையும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காகிதக் கோன், பின்னால் கோனைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் எல்லாம் பெரும்பாலும் அன்று இருந்தபடியே இருக்கும். ஒரு வூஃபரில் முதலில் சாகும் உறுப்பு இந்த வளையம்தான். நல்லவேளையாக, வீட்டிலேயே மாற்றக்கூடிய உறுப்பும் அதுவே.

அது ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபோம் என்பது பாலியூரிதேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பொருள். அதில் பாலியெஸ்டர் வகையின் மூலக்கூறுச் சங்கிலியைக் காற்றிலுள்ள ஈரப்பதம் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெயிலும் ஓசோனும் சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால் ஸ்பீக்கரைப் பாடவிட்டாலும் சரி, உறை பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி, பத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்குள் ஃபோம் போய்விடும். “அதிகமாகப் போட்டுக் கெடுத்துவிட்டோமோ” என்று பல பேர் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். நீங்கள் கெடுக்கவில்லை. அதன் ஆயுள் அவ்வளவுதான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: பாடவிடுவதை நிறுத்துங்கள். ஓரத்தில் பிடிப்பு இல்லாத கோன் பக்கவாட்டில் ஆடும், வாய்ஸ் காயில் காந்தத்தின் இரும்பில் உரசும். நீங்கள் கேட்ட கரகரப்பு அதுவாக இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓடினால் காயிலின் கம்பிக் காப்பு தேய்ந்து, எளிய வேலை பெரிய வேலையாகிவிடும். மல்டிமீட்டர் இருந்தால் வூஃபரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் வூஃபர் சுமார் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு பக்கத்து ஃபோம் மட்டும் உதிர்ந்து மறுபக்கம் நன்றாகத் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வயது இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: 10 அங்குல வூஃபருக்கு 10 அங்குல ஃபோம் என்று கேட்டு வாங்கினேன். பொருந்தவில்லை. எப்படி அளப்பது?

பதில்: 10 அங்குலம் என்பது ஃப்ரேமின் சுமாரான அளவு. அதை வைத்து ஃபோம் வாங்க முடியாது. மில்லிமீட்டரில் நான்கு அளவு வேண்டும்: கோனின் வெளிவிட்டம், ஃப்ரேமில் ஃபோம் உட்காரும் இடத்தின் வெளிவிட்டம், அதே இடத்தின் உள்விட்டம், பழைய ஃபோமில் வளைந்து எழும்பியிருந்த பகுதியின் அகலம். பழைய ஃபோமில் ஒரு துண்டாவது முழுசாக மிஞ்சியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதன் உள்விளிம்பு தட்டையா, கோனின் சரிவுக்கு ஏற்பச் சாய்ந்ததா, கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியில் ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் அந்தத் துண்டைப் பார்த்தால்தான் தெரியும். சுத்தம் செய்யத் தொடங்கும் முன் இரண்டு மூன்று படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், “அந்தக் காலத்து அசல் ஃபோம், பிரிக்காத உறை” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். உறைக்குள்ளும் அதற்கு வயதாகியிருக்கும்.

கேள்வி: ஃபோம் மாற்ற, கோனின் நடுவில் மூடிபோல் உள்ள டஸ்ட் கேப்பை வெட்டியே ஆக வேண்டும் என்கிறார் ஒருவர், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி. இந்த வேலையில் சுரண்டுவதும் ஒட்டுவதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். காயிலை நடுவில் நிறுத்துவதுதான் உண்மையான வேலை. காந்தத்தின் இடைவெளிக்குள் காயில் தொங்குகிறது. அதற்கு இருபுறமும் உள்ள இடம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். பின்னால் ஸ்பைடரும் முன்னால் ஃபோமும் சேர்ந்துதான் அதை நடுவில் வைத்திருக்கின்றன. ஃபோம் சற்று ஒருபக்கமாக ஒட்டிக்கொண்டாலும் காயில் உரசும்.

முதலில் சுத்தம். ஃப்ரேமில் உள்ள அட்டை வளையத்தை மெல்லிய பிளேடால் உடையாமல் எடுத்து வையுங்கள், திரும்ப ஒட்டலாம். காகிதக் கோனின் ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு வைத்து, கொஞ்சம் ஊறவிட்டு, விரலால் உருட்டி எடுங்கள். ஊற்றக் கூடாது. பாலிபுரோப்பிலீன் கோன் என்றால் அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான் பக்கமே போகாதீர்கள். உதிரும் தூள் காந்த இடைவெளிக்குள் விழாதபடி வூஃபரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இரும்புத் துகள் கிடக்கும் பட்டறை மேஜையில் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரையும் தள்ளி வையுங்கள். காந்தம் அதை இழுத்துக் கோனில் குத்தவிட்ட வூஃபர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபோம் முழுவதும் போனபின் ஒரு சோதனை. இரண்டு கை விரல்களையும் கோனின் நடுப்பகுதியில் எதிரெதிரே சமமாக வைத்து, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஸ்பைடர் தன்னாலேயே காயிலை நடுவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வூஃபரில் டஸ்ட் கேப்பைத் தொட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சுரண்டுவது போல் சத்தம் வந்தால், அல்லது கனமான கோனின் பாரத்தில் ஸ்பைடர் ஒருபக்கம் தொய்ந்திருந்தால், கேப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கேப்பை வெட்டாமல் செய்யும் முறை இது. முதலில் ஃபோமைக் கோனில் மட்டும் ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். காய்ந்ததும் அதன் வெளிவிளிம்பு ஃப்ரேமில் தானாகப் போய் உட்கார வேண்டும். இழுத்தோ அழுத்தியோதான் உட்கார வைக்க முடிகிறது என்றால் வளையம் தவறானது. அதை ஒட்டினால் காயில் தன் உயரத்தைவிட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்து, பேஸ் காலத்துக்கும் திரிந்தே கேட்கும். சரியாக உட்கார்ந்தால் ஃப்ரேமில் பசை தடவி ஃபோமை மேலே வையுங்கள். ஆம்ப்ளிஃபையர் வழியாக 20 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை ஒரு தொனியைக் குறைந்த ஒலியில் கொடுங்கள். கோன் மெல்ல முன்னும் பின்னும் போய்வரும். உரசல் கேட்டால் ஃபோமின் விளிம்பை ஒரு நூலளவு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் நகர்த்துங்கள். முழு அமைதி வந்த இடத்தில் சுற்றிலும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். பசை பிடிக்கும்வரை இடையிடையே மறுபடி கேட்டுப் பாருங்கள். மணமகளுக்குப் பொட்டு வைக்கிற நிதானம் வேண்டும்.

கேப்பைத் திறக்கும் முறையில், வட்ட விளிம்பை ஒட்டிக் கூர்மையான பிளேடால் வெட்டி, காயில் உருளைக்கும் நடு இரும்புக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளை நான்கு பக்கமும் சமமாகச் செருக வேண்டும். காயில் அசைய வழியே இல்லாததால் ஃபோமை நிம்மதியாக ஒட்டலாம். முழுதாகக் காய்ந்ததும் கீற்றுகளை எடுத்துவிட்டுப் பழைய கேப்பையே திரும்ப ஒட்டுங்கள். கேப் கிழிந்து புதிது போடுவதானால் அதே விட்டம், அதே வடிவம், அதே வகையில் தேடுங்கள். மூடிய பெட்டியில் காற்றுப்புகாத கேப்புக்குப் பதிலாக வலை போன்ற துணிக் கேப் போட்டால் பெட்டியின் காற்று அதன் வழியே கசியும்.

கேள்வி: சீக்கிரம் காயும் சூப்பர் க்ளூ போட்டால் என்ன?

பதில்: வேண்டாம். நகர்த்திச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் வேண்டும், அது நேரமே தராது. காய்ந்தபின் கண்ணாடிபோல் கெட்டியாகி ஃபோமை ஓரத்தில் அறுக்கவும் செய்யும். காகிதக் கோனுக்கு நீரில் கரையும் வெள்ளைப் பசை வகை போதும். மெல்லத் தடவி, 24 மணி நேரம் விடுங்கள். பாலிபுரோப்பிலீன் கோனில் அந்தப் பசை பிடிக்காது. அதற்கென்று உள்ள பசையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபோம் மறுபடியும் உதிரும்தானே? ஒரேயடியாக ரப்பர் வளையம் போட்டுவிட நினைக்கிறேன்.

பதில்: உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் ஃபோமோடு வந்த வூஃபருக்கு ஃபோமையே போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் 1954இல் இருக்கிறது. எட்கர் வில்சூர் அந்த வருடம் ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) என்ற அமெரிக்க நிறுவனத்தின் முதல் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். கோனைக் கெட்டியாகப் பிடிக்கும் பழைய முறையை அவர் விட்டுவிட்டார். கோனை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது அப்படித்தான். அந்தத் தளர்வுக்கு ஏற்ற பொருளாக 1970களில் ஃபோம் பரவியது: எடை குறைவு, நன்றாக வளையும், கோனின் ஓரத்துக்கு வரும் அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும். ரப்பர் வளையம் கனம். கோனோடு அந்த எடையும் சேர்ந்து ஆடுவதால் வூஃபரின் திறன் குறையும், கோன் இயல்பாக அதிரும் வேகமான ஒத்ததிர்வு எண்ணும் மாறும். வடிவமைத்தவர் போட்ட கணக்கு கலைந்துவிடும். ரப்பரோடே பிறந்த வூஃபர்கள் தனி. அவற்றின் கோனும் காயிலும் அந்த எடைக்கென்றே செய்யப்பட்டவை.

இன்று நீங்கள் போடும் ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் பாட வாய்ப்புண்டு. அடுத்த முறை மாற்ற உங்கள் கையும் பழகியிருக்கும்.

கேள்வி: புது ஃபோமுக்கு எண்ணெயோ சிலிக்கோன் பாலிஷோ தடவினால் ஆயுள் கூடுமா?

பதில்: கூடாது. தடவாதீர்கள். வெயில் படாத, ஈரம் தங்காத இடத்தில் வையுங்கள், முன்துணியைப் போட்டே வையுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

கேள்வி: நானே மாற்றினேன், உரசல் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாடவிட்டால் பேஸ் முன்பைவிட மெலிந்து கேட்கிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: உங்கள் ஃபோம் வேலையில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. திரும்ப மாட்டும்போது ஒரு வூஃபரில் பிளஸ், மைனஸ் கம்பிகள் இடம் மாறியிருக்கும். ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போவதால், இரண்டின் பேஸும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்து, மோனோவில் பேஸ் நிறைந்த எதையாவது போட்டு, ஒரு ஸ்பீக்கரின் பின்பக்கக் கம்பிகளை மாற்றி மாட்டிப் பாருங்கள். பேஸ் நிறைந்தால் காரணம் அதுதான். பெட்டியைத் திறந்து அந்த வூஃபரின் கம்பிகளைத் திருப்பிவிட்டு, வெளிக்கம்பியைப் பழையபடி மாட்டுங்கள். அப்படியே விட்டால், உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் இணைப்பு தலைகீழாகிவிடும்.

1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டும் பார்க்கலாம். பேட்டரியின் பிளஸ், வூஃபரின் பிளஸைத் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜே.பி.எல். வூஃபர்களில் மட்டும் இது நேர்மாறு. அந்த நிறுவனம் வெகுகாலம் அந்த வழக்கத்தையே வைத்திருந்தது. அதனால் ஜே.பி.எல். வைத்திருப்பவர்கள் கோன் உள்ளே போகிறதே என்று பதறிக் கம்பியை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1960களின் வூஃபர். ஓரத்தில் ஃபோம் இல்லை, ஏதோ பூச்சு பூசிய துணி. இதற்கும் வயதாகியிருக்குமே, ஃபோமுக்கு மாற்றிவிடவா?

பதில்: துணி கிழியாமல் இருந்தால் மாற்றாதீர்கள். ஃபோம்போல் அது உதிர்வதில்லை, உங்களுக்குப் பின்னும் இருக்கும். அதில் வரக்கூடிய குறை வேறு: பூச்சு காய்ந்து துணியின் இழைகள் வழியே காற்று கசியும். பெட்டி மூடிய வகை என்றால் சோதிப்பது சுலபம். இரண்டு கைகளாலும் வூஃபர் கோனைச் சமமாக உள்ளே அழுத்திப் பிடித்து, சட்டென்று விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றை நன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது. உடனே எகிறி வந்தால் எங்கோ கசிகிறது. முதலில் வூஃபரின் திருகுகளையும் ஃப்ரேமுக்கு அடியில் காற்றை அடைக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான் இருக்கும். அவை சரியாக இருந்து துணியில்தான் கசிவு என்று உறுதியானால், காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கிற, இதற்கென்றே உள்ள பூச்சை மிக மெல்லியதாக ஒரு கை பூசி, காயவிட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் இன்னொரு கை.