காற்று மெத்தை போட்டும் முதுகின் அடியில் சிவப்பு

தக்கலை சகோதரி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் 82 வயது அம்மாவுக்குக் காற்று மெத்தை போட்டும் வால் எலும்புப் பக்கம் சிவப்பு மாறவில்லை, எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்க்கவே கூடாது. சிவந்த இடத்தில் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் மீட்கலாம். வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் உள்ளே தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும், அதனால் சூடு, கல் போன்ற கடினம், வலி இவற்றையும் பாருங்கள்.

மெத்தை இருக்கிறதே என்று புரட்டாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முழுக்கப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பு எலும்பில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் அடியில் இன்னொரு தலையணை, குதிகால் எதிலும் படக்கூடாது. இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. மேலே ரப்பர் ஷீட், மடித்த போர்வை எல்லாம் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்கு வியர்வை தேங்கும், மெத்தையும் வேலை செய்யாது. ஒற்றைப் பருத்தி விரிப்பு போதும். படுக்கையில் தலைமாட்டுப் பக்கம் ஏற்றும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பேர் விரிப்போடு தூக்குங்கள்.

தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்து பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள்.